பூசாத சுவரின் அழகு

புது வீடு மந்திரிக்கச் செல்லும் குருக்கள் அனைவருக்கும் பழகிய காட்சி ஒன்று உண்டு. செபம் முடிந்து, அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து, வீட்டார் தரும் பாயசத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அமர்ந்ததும், வந்தவர்களின் கண்கள் மேலே செல்லும். கூரைக்குக் கீழே இன்னொரு பொய்க்கூரை. அதில் பதித்த வண்ண விளக்குகள். முகம் தெரியும்படி மின்னும் தரை. பட்டி பார்த்து மெருகேற்றிய சுவர்கள். குடும்பத் தலைவர் ஒவ்வொன்றின் விலையையும் பெருமையோடு எடுத்துரைப்பார். விருந்தினர் கலைந்த பிறகு, அதே மனிதர் தாழ்ந்த குரலில் வேறொரு கணக்கைச் சொல்வார். வங்கியில் இவ்வளவு, நகைக் கடையில் இவ்வளவு, மைத்துனரிடம் இவ்வளவு என்று அக்கணக்கு நீளும். வீட்டைக் கட்ட வாங்கிய கடனை எப்படியும் அடைத்துவிடலாம் என்ற துணிவு அவருக்கு உண்டு. கட்டிய வீட்டை அலங்கரிக்க வாங்கிய கடன்தான் அவர் உறக்கத்தைக் கெடுக்கிறது.

கோபுரம் கட்டப் புகுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடாத மனிதனைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமை நாம் அறிந்ததே. ஆயினும், கணக்கிட்டுச் செலவைக் குறைத்தால் வீடு அழகற்றுப் போகுமே என்னும் அச்சம் நம் குடும்பங்களை விட்டு அகலவில்லை. சிக்கனமும் அழகும் ஒரே கூரையின் கீழ் வாழ முடியுமா? இக்கேள்விக்கு விடை காண விரும்புவோர், நம் தென்பகுதியிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய ஓர் ஊருக்குப் போய்வரலாம். அது திருவனந்தபுரம்.

செந்நிறக் கோபுரம்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ரயில் பாதையில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று தென்னைகளுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் இடையே வண்டி செல்கிறது. 1956 நவம்பர் வரை இவ்வழி முழுவதும் ஒரே மாநிலமாக இருந்தது. இன்றும் எல்லையைக் கடந்தோம் என்பதைப் பெயர்ப்பலகையின் எழுத்தைக் கொண்டே அறிய வேண்டியிருக்கிறது.

தம்பானூரில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், பேருந்து நிலையத்தின் பக்கத்தில் செங்கல் நிறத்தில் ஒரு விந்தையான கட்டடம் தென்படும். அது உருண்டையாக நிற்கிறது. திருகாணி போலச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. சுவர் முழுதும் சின்னஞ்சிறு துவாரங்கள். புதிதாக வருவோர் இதை ஏதோ பழைய காவல் கோபுரம் என்று எண்ணக்கூடும். உண்மையில் இது ஓர் உணவகம். காப்பி வாரியம் தன் காப்பி நிலையங்களை 1957-ஆம் ஆண்டளவில் மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே நடத்தத் தலைப்பட்ட இந்தியன் காப்பி ஹவுஸ்களில் இதுவும் ஒன்று.

உள்ளே நுழைந்தால் மாடிப்படி என்பதே இல்லை. நடுவில் ஓர் உருண்டைத் தூணறை. அதைச் சுற்றிச் சரிவான தரை மெல்ல மெல்ல மேலே செல்கிறது. வெளிச்சுவரை ஒட்டி வரிசையாக மேசைகளும் இருக்கைகளும் உள்ளன. அவற்றை யாரும் நகர்த்த முடியாது. ஏனெனில் அவை கட்டடத்தோடு கட்டடமாகக் கட்டப்பட்டவை. நாற்காலி வாங்கும் செலவு இல்லை, உடைந்தால் மாற்றும் செலவும் இல்லை. சுவரின் துவாரங்கள் வழியே வரும் வெளிச்சம் மேசையில் புள்ளிப் புள்ளியாக விழுகிறது. காற்று தடையின்றி உலவுகிறது. விசிறி மடிப்புத் தலைப்பாகை அணிந்த பணியாளர், பீட்ரூட் கலந்த மசாலா தோசையைக் கொண்டுவந்து வைக்கிறார். எதிரே அமர்ந்திருப்பவர் சுமை தூக்குபவராக இருக்கலாம்; வழக்கறிஞராகவும் இருக்கலாம். விலையுயர்ந்த பொருள் என்று சுட்டிக்காட்ட அங்கே எதுவுமில்லை. ஆனாலும் எழுந்து வர மனம் வருவதில்லை.

இதைக் கட்டியவர் யார்?

அவர் பெயர் லாரி பேக்கர். 1917-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். அங்கேயே கட்டடக் கலை பயின்றவர். நண்பர்கள் சபை எனப்படும் குவேக்கர் சபையைச் சார்ந்தவர். போரில் ஆயுதம் ஏந்துவது அச்சபையினரின் மனச்சான்றுக்கு ஒவ்வாதது. ஆதலால் இரண்டாம் உலகப் போரின்போது மருத்துவ உதவிக் குழுவில் சேர்ந்து சீனா சென்று, அங்கே நோயாளருக்கும் தொழுநோயாளருக்கும் பணிபுரிந்தார். தாயகம் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் சில காலம் காத்திருக்க நேர்ந்தது. அந்நாள்களில்தான் காந்தியடிகளைச் சந்தித்தார்.

அச்சந்திப்பில் காந்தியடிகளின் கண்ணில் முதலில் பட்டவை பேக்கரின் காலணிகள் என்பர். வீணான துண்டுத் துணிகளைக் கொண்டு கையால் செய்யப்பட்டவை அவை. கழித்துப்போட்ட பொருளிலிருந்து பயனுள்ள ஒன்றைச் செய்த அந்தக் கைவேலை அண்ணலைக் கவர்ந்தது. வீடு கட்டுவதற்கு வேண்டிய பொருள்கள் கட்டும் இடத்திலிருந்து ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தைப் பேக்கர் தம் வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்து வந்தார்.

தொழுநோயாளர் மருத்துவமனைகளைக் கட்டும் பொறுப்போடு 1945-இல் அவர் மீண்டும் இந்தியா வந்தார். 1948-இல் எலிசபெத் ஜேக்கப் என்னும் மலையாள மருத்துவரை மணந்தார். புதுமணத் தம்பதியர் இமயமலைச் சாரலில் உள்ள பித்தோராகருக்குச் சென்றனர். மருத்துவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நோயாளிகள் வரத் தொடங்கவே, சில நாள் தங்க எண்ணியவர்கள் ஏறத்தாழ 16 ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டனர். கல்லூரியில் கற்ற பாடங்கள் அம்மலை நாட்டில் பேக்கருக்கு அதிகம் உதவவில்லை. கிராமத்தார் மலைக்கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு, குளிரும் மழையும் தாங்கும் வீடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வந்ததைக் கண்டார். அவர்களே தம் ஆசிரியர்கள் என்று ஏற்றுக்கொண்டார். பின்னர் 1963-இல் கேரளத்து வாகமண் மலைக்கு வந்து, 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருவனந்தபுரத்தில் நிலைகொண்டார். 1989-இல் இந்தியக் குடிமகனானார். 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007 ஏப்ரல் முதல் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார்.

அவர் கட்டிய மாளிகைகளைவிடச் சாதாரணக் குடும்பங்களுக்குக் கட்டித்தந்த வீடுகளே மிகுதி. பெரிய அலுவலகம் வைத்துக்கொள்ளவில்லை. கட்டும் இடத்துக்கே சென்று, கொத்தனாரோடும் ஆசாரியோடும் நின்று வேலை செய்தார். செலவைக் குறைக்கும் வழிகளைத் தாமே படம் வரைந்து, எளிய நடையில் சிறு நூல்களாக வெளியிட்டார். வேண்டாத செலவு எது என்று வீட்டுக்காரரே கண்டுகொள்ள வேண்டும் என்பது அவர் விருப்பம்.

செபிக்கத் தூண்டும் சுவர்

நகரின் வடபுறம் ஸ்ரீகாரியத்தில் இயேசு சபைக் குருக்கள் நடத்தும் லயோலா கல்விக் கூடம் உள்ளது. அதன் சிற்றாலயம் பேக்கர் 1970-களின் தொடக்கத்தில் அமைத்துத் தந்தது. பெயர்தான் சிற்றாலயம், பெருங்கூட்டம் கொள்ளும் உயரமான மண்டபம் அது. அவ்வளவு உயரத்துக்குச் சுவர் எழுப்ப வேண்டுமானால் கம்பியும் கான்கிரீட்டும் மிகுதியாக வேண்டும் என்று பொறியியலார் கூறுவர். பேக்கரோ மெல்லிய இரு செங்கற்சுவர்களை இடைவெளி விட்டு எழுப்பி, குறுக்குச் செங்கற்களால் இரண்டையும் பிணைத்தார். இரு சுவர்களிலும் சல்லடைக் கண்கள் போல இடைவெளிகள். அவற்றினூடே நுழையும் வெயில், உள்ளே வரும்போது தன் வெம்மையை இழந்து மெல்லிய ஒளியாகிவிடுகிறது. வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் இல்லை; பொன் முலாம் பூசிய வேலைப்பாடு இல்லை. அங்கே சென்று அமர்ந்தவர், யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.

உள்ளூரில் அமைந்துள்ள வளர்ச்சி ஆய்வு மையம், பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் அவர்களின் முயற்சியால் 1971-இல் தோன்றியது. அந்த வளாகமும் பேக்கரின் கைவண்ணமே. நிலத்தைச் சமப்படுத்தாமல், அதன் ஏற்ற இறக்கத்தோடு கட்டடங்களை ஏறி இறங்கச் செய்தார். மரம் குறுக்கே நின்றால் சுவரை வளைத்தார். வளைந்த சுவர் நேர்ச்சுவரைவிட உறுதியானது என்பதால், அழகுக்கு அழகும் ஆயிற்று, வலிமைக்கு வலிமையும் ஆயிற்று.

கடற்கரைப் பகுதியான பூந்துறையில் மீனவக் குடும்பங்களுக்காக 1970-களில் அவர் கட்டிய வீடுகளைப் பற்றியும் கூற வேண்டும். அரசுத் திட்ட வீடுகள் தீப்பெட்டி அடுக்கியதுபோல வரிசையாக நிற்பதே வழக்கம். பேக்கர் ஒரு வீட்டை முன்னும் அடுத்ததைச் சற்றுப் பின்னுமாக அமைத்தார். இதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்று கிடைத்தது. வலை உலர்த்தவும் குழந்தைகள் விளையாடவும் முன்புறத்தில் இடம் கிடைத்தது. ஏழையின் வீட்டுக்கும் சிந்தனை வேண்டும் என்பதை அச்சுவர்கள் சொல்கின்றன.

கழித்தவை கொண்டு கட்டிய இல்லம்

மார் இவானியோஸ் கல்லூரி அமைந்துள்ள நாலாஞ்சிறைப் பகுதியில், பாறைகள் துருத்தும் சரிவான குன்றில் பேக்கர் தம் சொந்த இல்லத்தை அமைத்தார். 'ஹாம்லெட்' என்று அதற்குப் பெயர். சிற்றூர் என்பது பொருள். பெயருக்கேற்ப அது ஒரே நாளில் எழுந்த வீடன்று. முதலில் சிறிதாகத் தோன்றி, தேவை வந்தபோதெல்லாம் ஓர் அறை, ஒரு முற்றம், ஒரு திண்ணை என்று குன்றின் மேல் கொடிபோலப் படர்ந்தது.

இடிக்கப்பட்ட பழைய வீடுகளிலிருந்து எடுத்த மரங்கள் அங்கே மீண்டும் தூணும் சன்னலும் ஆயின. வெறும் கண்ணாடிப் புட்டிகள் சுவரில் பதிந்து, பச்சையும் பழுப்புமாக ஒளி சிந்தின. உடைந்த பீங்கானும் கண்ணாடித் துண்டுகளும் சுவரில் கோலமாயின. இருக்கைகளும் அலமாரிகளும் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்து கட்டடக் கலை மாணவர் கண்டு வியந்த அவ்வீட்டில், கடையில் வாங்கிய அலங்காரப் பொருள் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு.

பேக்கர் வீடுகளின் சிக்கனத்துக்கு உரிய சில நுட்பங்களை இங்கே சுருக்கமாகக் கூறுவது பயன்தரும். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் வரும்படி கட்டும் முறை ஒன்று உண்டு. எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பெயர். இதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது. உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. கான்கிரீட் கூரையில், கீழ்ப்பகுதியிலுள்ள கான்கிரீட் பாரம் தாங்குவதில் பெரும்பங்கு வகிப்பதில்லை. அவ்விடத்தில் கம்பிகளுக்கிடையே பழைய சீமை ஓடுகளை வைத்தால் சிமெண்டு குறையும். அண்ணாந்து பார்த்தால் ஓட்டின் சிவப்பு கட்டம் கட்டமாகத் தெரியும். நிலையே இல்லாத கதவுகள், மேலும் கீழும் குழியில் பொருத்திய ஒற்றைப் பலகைச் சன்னல்கள், சன்னலுக்குப் பதிலாகச் செங்கல் சல்லடை என்று அவர் கண்ட வழிகள் பல.

இவை அனைத்திலும் தலையாயது சுவரைப் பூசாமல் விடுவது. பூச்சுவேலைக்கு மட்டும் மொத்தச் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆகிறது என்று அவர் எழுதினார். பூசிய பின் வண்ணம். வண்ணம் மங்கிய பின் மீண்டும் வண்ணம். ஒருமுறை பூசிய சுவர், வீட்டுக்காரரின் வாழ்நாள் முழுதும் அவரிடம் கப்பம் வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் பூசாமல் விடவேண்டுமென்றால் கொத்தனாரின் கை சுத்தமாக இருக்க வேண்டும். கோணிய வரிசையை மறைக்க மேற்பூச்சு கிடையாதல்லவா? ஒளிக்க ஒன்றுமில்லாத வேலை, செய்பவரை நேர்மையாளராக்கிவிடுகிறது.

நாலு பேர் என்ன சொல்வார்கள்?

நம் ஊரில் ஒருவர் சுவரைப் பூசாமல் குடியேறினால் அண்டை வீட்டார் கேட்கும் முதற்கேள்வி, "காசு தீர்ந்துபோயிற்றோ?" என்பதே. இந்த ஒரு கேள்விக்கு அஞ்சித்தான் பல குடும்பங்கள் வட்டிக்குக் கடன் வாங்குகின்றன. மணமாகிப் போகும் மகளின் நகை, படிக்க வேண்டிய மகனின் கட்டணம், முதியவரின் மருந்துச் செலவு ஆகியவை யாவும் ஒரு நாள் வந்து உண்டு செல்லும் விருந்தினரின் வியப்புக்கு விலையாகின்றன. வியந்தவர் அடுத்த வாரம் வேறொரு வீட்டை வியக்கச் சென்றுவிடுவார். தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கும்.

பேக்கரின் முறைகளை அப்படியே எங்கும் கைக்கொள்ளலாம் என்று கூறவும் இயலாது. சல்லடைச் சுவரில் தூசியும் சிலந்தியும் சேரும். கொசுவுக்கு வலை வேண்டும். நன்கு வேகாத செங்கல், பூசாமல் விட்டால் மழையில் உதிரும். கடலோரத்து உப்புக் காற்று அதை அரிக்கும். இவற்றை அவரும் அறிந்தே இருந்தார். எங்கே எது கிடைக்கிறதோ, எது நிலைக்கிறதோ, அதைக் கொண்டு கட்டு என்பதே அவர் பாடம். கல் மலிந்த இடத்தில் கல். நல்ல மண் உள்ள இடத்தில் மண். கூரை, சுவர் போன்ற பாரம் தாங்கும் பகுதிகளில் தகுதியுள்ள பொறியாளரின் மேற்பார்வையின்றி யாரும் சோதனை செய்ய வேண்டாம். இம்முறைகளில் தேர்ந்தவர்களின் உதவி இன்று கிடைக்கிறது. பேக்கரும் வேறு சிலரும் சேர்ந்து 1985-இல் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு என்னும் நிறுவனம் இப்பணியைத் தொடர்ந்து வருகிறது.

நம் கையால் நாம் செய்யத்தக்கவை

ஏற்கெனவே வீடு கட்டி முடித்தவர்களும், வாடகை வீட்டில் புதிதாகக் குடியேறுவோரும் இப்பயணத்திலிருந்து எதைக் கொண்டுவரலாம்? பெருங்கட்டட வேலை எதுவுமின்றிக் குடும்பத்தார் தாமே செய்யக்கூடியவை பல உள்ளன.

முதலாவது, வெள்ளையடித்தல். நம் பாட்டிமார் ஆண்டுதோறும் பொங்கலுக்கோ கிறிஸ்து பிறப்புக்கோ செய்துவந்த வேலை இது. சுண்ணாம்பைத் தண்ணீரில் தாளித்து, ஓரிரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, சிறிது கஞ்சியோ பசையோ கலந்து, ஒரு சிட்டிகை நீலம் சேர்த்தால் போதும். கெட்டியாக ஒருமுறை அடிப்பதைவிட நீர்க்க இருமுறை அடிப்பதே நிலைக்கும். சுவர் சற்று ஈரமாக இருக்கும்போது அடிப்பது நலம். ஒரு செய்தியை மட்டும் மறக்கலாகாது: சுட்ட சுண்ணாம்பு தண்ணீரில் விழுந்ததும் கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. தாளிக்கும்போது சிறுவர்களை அருகே விடலாகாது. முன்பு எமல்ஷன் பூசிய சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது என்பதையும் கருத்தில் கொள்க.

இரண்டாவது, உடைந்த ஓட்டுத் துண்டுகளால் தளம் அமைத்தல். தரை ஓடு விற்கும் கடைகளில் உடைந்தவற்றை மிகக் குறைந்த விலைக்குத் தந்துவிடுவார்கள். வீட்டு முற்றம், குளியலறை, துளசியோ ரோஜாவோ வைக்கும் மேடை ஆகியவற்றுக்கு இது மிக ஏற்றது. ஓர் அங்குலக் கனத்தில் சிமெண்டுக் கலவையை விரித்து, துண்டுகளை விரலளவு இடைவெளி விட்டு அழுத்திப் பதிக்க வேண்டும். மறுநாள் இடைவெளிகளை வெள்ளைச் சிமெண்டால் நிரப்பி, ஈரத்துணியால் துடைத்து, ஒரு வாரம் ஈரம் காயாமல் காக்க வேண்டும். கூர்முனைகள் மேலே நீட்டிக்கொண்டிராதபடி பார்த்துக்கொள்வதும், கையுறை அணிவதும் அவசியம். எந்தத் துண்டு எந்தத் துண்டுக்கு அருகில் என்று முடிவு செய்யும் பொறுப்பைக் குழந்தைகளிடம் விட்டால், எந்த ஓவியரும் எண்ணாத கோலம் பிறக்கும்.

மூன்றாவது, புட்டிச் சன்னல். சுற்றுச்சுவரிலோ குளியலறைச் சுவரிலோ ஒரு சிறு பகுதியில், நன்கு கழுவி உலர்த்திய புட்டிகளை அடிப்பாகம் வெளியே தெரியும்படி படுக்கவைத்துக் கலவையால் நிரப்பலாம். வாயை அடைத்துவிட்டால் பூச்சி புகாது. பாரம் தாங்கும் சுவரில் இதைச் செய்யாமல், அதற்கென விட்ட இடைவெளியில் செய்வதே முறை. காலை வெயில் படும் கிழக்குச் சுவராக இருந்தால் நாள்தோறும் விலையில்லா வண்ண விளக்கு எரியும்.

நான்காவது, மாடமும் திண்ணையும். வீடு இன்னும் கட்டுமானத்தில் இருந்தால், ஒன்பது அங்குலச் சுவரில் சில செங்கற்களைக் குறைத்துவைத்து ஒரு மாடம் விடும்படி கொத்தனாரிடம் சொல்லலாம். அலமாரி வாங்கும் செலவு மிஞ்சும். குடும்பச் செபத்துக்கான திருச்சுரூபத்தையும் விவிலியத்தையும் வைக்க இதைவிடத் தக்க இடம் இல்லை. அதற்கென ஆயிரக்கணக்கில் தேக்குப் பீடம் வாங்கவேண்டியதும் இல்லை. வாசலில் ஒரு திண்ணை கட்டினால் இரண்டு சோபாக்களின் விலை மிச்சம். வழிப்போக்கர் ஒருவர் அமர்ந்து இளைப்பாறவும் இடம் கிடைக்கும்.

ஐந்தாவது, நம் மண்ணின் கைவேலை. பழைய சுங்குடிச் சேலையும் கைத்தறி வேட்டியும் திரைச்சீலையாகும், கிழிந்தவை மிதியடியாகும். தாமிரபரணிக் கரையில் உள்ள பத்தமடையின் கோரைப் பாய் தரைக்கு மட்டுமன்றிச் சுவருக்கும் அணியாகும். பனையோலைப் பெட்டிகள் அடுக்களையிலும் படிக்கும் மேசையிலும் பிளாஸ்டிக்கின் இடத்தை எடுத்துக்கொள்ளும். இவற்றை நாமே முடையக் கற்கலாம். இயலாவிடில் முடைபவரிடம் வாங்கலாம். அப்போது நாம் கொடுக்கும் காசு, ஐந்து மைலுக்குள் உள்ள ஒரு தாயின் அடுப்பை எரியச் செய்யும்.

இடித்த வீட்டின் பழைய கதவு, சன்னல்களை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. அக்காலத்து எண்ணெய் வண்ணங்களில் ஈயம் கலந்திருந்தது. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவுக்கு நம் நாட்டில் சட்டப்படி கடும் வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஆதலால் பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்க்கலாகாது. அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குத் தீங்கானது. மரத்தை நனைத்து, வீட்டுக்கு வெளியே, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு சுரண்டி, உதிர்ந்ததைத் திரட்டி அகற்ற வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அப்பக்கம் வராதிருப்பது நல்லது.

விலை மதிப்பற்றது எது?

இவற்றையெல்லாம் செய்ய நேரம் வேண்டுமே என்பீர்கள். உண்மைதான். ஓய்வுநாள் பிற்பகல்கள் நான்கைந்து கரையும். ஆனால் அப்பிற்பகல்களில் தந்தை கலவை குழைக்க, தாய் துண்டுகளைக் கழுவ, பிள்ளைகள் பதிக்க, பாட்டியார் திண்ணையிலிருந்து குறை சொல்ல, ஒரு குடும்பம் ஒன்றாகக் கூடியிருக்கிறது. அலங்காரத்துக்கு ஆள் வைத்துப் பணம் கொடுத்தால் கிடைக்காதது அது. விலை கொடுத்து வாங்கிய தரை பத்து ஆண்டில் பழமையாகிவிடும். மகள் தன் ஏழாம் வயதில் கோணலாகப் பதித்த நீலத் துண்டு, அவள் தன் குழந்தையோடு தாய்வீடு வரும் நாளிலும் அங்கேயே இருக்கும். அதைச் சுட்டிக்காட்டி அவள் சொல்வதற்கு ஒரு கதையும் இருக்கும்.

நம் ஆண்டவர் வளர்ந்த நாசரேத்து வீட்டின் தலைவர் ஒரு தச்சர். அவ்வீட்டுப் பலகைகள் யார் கையால் இழைக்கப்பட்டிருக்கும் என்று நாம் ஆராய வேண்டியதில்லை.

எனவே, புதுமனை புகவிருக்கும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தவணைப் படிவத்தில் கையொப்பமிடுவதற்கு முன், ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திருவனந்தபுரம் சென்று வாருங்கள். அந்தச் செந்நிறக் கோபுரத்தில் அமர்ந்து ஒரு கோப்பை காப்பி அருந்துங்கள். சுவரைத் தொட்டுப் பாருங்கள். பிறகு ஒரு தாளை எடுத்து, நம் வீட்டுக்கு எது உண்மையில் வேண்டும், எது பிறர் கண்ணுக்காக வேண்டும் என்று இரு பத்திகளாக எழுதுங்கள். இரண்டாம் பத்தியில் உள்ளவற்றை அடித்துவிட்டால், முதற்பத்தியில் உள்ளவற்றுக்குக் கையிலுள்ள பணமும் கைகளும் பெரும்பாலும் போதுமானவையாக இருக்கும்.